முற்றத்துப் பாதாமும் கடைப் பாதாமும்

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவர் வீட்டு முற்றத்தில் முப்பது ஆண்டுகளாக நிற்கும் பாதாம் மரத்தின் கொட்டையும், கடையில் கிலோ எண்ணூறு, ஆயிரம் என்று விற்கும் பாதாமும் ஒன்றுதானா என்பது முதலாவது. ஒன்றில்லை என்றால், கடைப் பாதாமை முளைக்க வைத்து நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளர்க்க முடியுமா என்பது இரண்டாவது. முற்றத்துக் கொட்டையைப் பாயசத்திலும் அல்வாவிலும் சேர்க்கலாமா என்பது மூன்றாவது. தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இந்த ஆசையால் ஒருமுறை சூடுபட்டவன் என்ற முறையிலும் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பெயரில் இருப்பது பொருளில் இருக்க வேண்டியதில்லை என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நாம் செய்யும் முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரித்தெடுப்பதுதான் முந்திரிக்கொத்து. உருண்டைகள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலைபோல் தெரிவதால் வந்த பெயர் அது. முற்றத்துப் பாதாம் மரமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். வெளிநாட்டிலிருந்து உலர்ந்து வந்த பருப்பை முதலில் அறிந்தவர்கள், கடற்கரையில் அதே சுவையில் ஒரு பருப்பைக் கண்டதும் அந்தப் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள். பாதாம் என்பது பாரசீகச் சொல். தமிழில் வாதுமை என்பதும் வாதாங்கொட்டை என்பதும் இரண்டு மரங்களுக்கும் மாறி மாறி வழங்கப்பட்டதால் குழப்பம் இன்னும் கூடிற்று. ஆங்கிலேயர்களும் நம் மரத்தை இந்திய பாதாம் என்றே எழுதிவைத்தார்கள். எல்லைக்கு அப்பால் மலையாளிகள் மட்டும் தல்லித்தேங்ஙா என்று தனிப்பெயர் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

முற்றத்து மரத்தின் தாவரவியல் பெயர் டெர்மினாலியா கேட்டப்பா. கடுக்காயும் தான்றியும் மருதும் இதன் நெருங்கிய உறவுகள். ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அடுக்கடுக்காகக் குடை விரித்தாற்போல் கிளை பரப்புவதும், உதிர்வதற்கு முன் பெரிய இலைகள் செம்பு நிறத்துக்கு மாறுவதும் இதன் அடையாளங்கள். இது கடலோரத்து மரம். காயின் மேல்தோட்டுக்கு உள்ளே தக்கைபோன்ற நார் இருப்பதால், தேங்காயைப் போலவே கடலில் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும் திறன் இதற்கு உண்டு. முட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை உப்புக்காற்று அடிக்கும் மணலில் எந்தக் கவனிப்பும் இல்லாமல் இது தழைப்பதற்கு அதுவே காரணம். கரையைவிட்டு உள்ளே இதைப் பரப்புவதில் வௌவால்களுக்குப் பெரிய பங்குண்டு. நம் ஊரில் வாவல் என்று சொல்வோமே, அது இரவில் பழத்தைக் கவ்விக்கொண்டு போய் வேறொரு மரத்தில் தொங்கியபடி சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும்.

கடைப் பாதாம் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச், பிளம், ஆப்ரிகாட் ஆகியவற்றின் உடன்பிறப்பு. இரண்டு மரங்களுக்கும் இடையே பெயரைத் தவிர வேறு எந்த உறவும் இல்லை என்பதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரண்டு பருப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கடைப் பாதாமைச் சற்று ஊறவைத்துத் தோலுரித்து நகத்தால் நெம்பினால், பயறு பிளப்பதுபோல் தட்டையான இரண்டு பாதிகளாகப் பிரியும். முற்றத்துக் கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்போ மெல்லியதாக, நீளமாக இருக்கும். அதை நகத்தால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். சுருட்டிவைத்த பாய் விரிவதுபோல், வெற்றிலையைச் சுருட்டி மடித்ததுபோல், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும் வித்திலைகள் விரியும். கடுக்காய்க் குடும்பத்தின் முத்திரை அது. சிறுவயதில் நூற்றுக்கணக்கில் உடைத்துத் தின்ற எனக்கே, வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மூத்தவர் காட்டித்தான் அது கண்ணில் பட்டது.

இனி கடைப் பாதாம் மரத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். மாங்காயை எண்ணிக்கொள்ளுங்கள். நாம் சதையைத் தின்றுவிட்டு அண்டியை எறிந்துவிடுகிறோம். அந்த அண்டியைப் பிளந்தால் உள்ளே ஒரு பருப்பு இருக்கும். பாதாமில் இது தலைகீழ். வெளியே பச்சை நிறத்தில், மென்மையான பூனைமயிர் படர்ந்த சதை. அது பிஞ்சில் புளிக்கும், முற்றினால் தோல்போல் வறண்டு வெடித்துவிடும். அதற்குள் துளைத்துளையான ஓடு. ஓட்டுக்குள் நாம் காசு கொடுத்து வாங்கும் பருப்பு. ஒரே குடும்பத்தில் பிறந்த பீச் தன் செல்வத்தைச் சதையில் வைத்தது, பாதாம் விதையில் வைத்தது.

இதன் தாயகம் ஈரானும் அதைச் சூழ்ந்த மேற்கு, மத்திய ஆசிய மலைச்சரிவுகளும். அங்கே காட்டில் இன்றும் நிற்கும் பாதாம் வகைகளின் பருப்பு கசக்கும். கசப்பு மட்டுமென்றால் பரவாயில்லை. அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள், பருப்பை மென்றதும் சிதைந்து சயனைடு நஞ்சை வெளிவிடும். கைப்பிடியளவு கசப்புப் பாதாம் ஒரு சிறுபிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படியொரு நஞ்சுக்கொட்டையை மனிதன் எப்படி உணவாக்கினான் என்பது வியப்புக்குரிய கதை. எங்கோ ஒரு மரத்தில் தற்செயலாக ஒரு மரபுப் பிழை நேர்ந்து, கசப்பை உண்டாக்கும் வேலை நின்றுபோயிருக்கிறது. அந்த மரத்தின் பருப்பைத் தின்று பார்த்தவர் உயிரோடு இருந்தார், மறுபடியும் அதையே தேடிப்போனார், விதைத்தார். அந்த ஒற்றை மாற்றம் மரபணுத் தொகுப்பில் எந்த இடத்தில் உள்ளது என்பதை 2019-ல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடையில் வாங்கும் பாதாமில் அபூர்வமாக ஒன்று கசந்தால், அதை விழுங்காமல் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிடுங்கள். ஒன்றிரண்டால் பெரிய தீங்கு வராது என்றாலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடைப் பாதாம் நம் மண்ணில் முளைக்கும், வளரவும் வளரும், ஆனால் காய்க்காது. இதைச் சொந்தச் செலவில் கற்றேன். ஓட்டோடு கூடிய பாதாம் ஒரு பொட்டலம் வாங்கி, ஈரமணலில் புதைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வைத்திருந்தேன். இந்த விதைக்குக் குளிர்ந்த ஈரத்தில் ஓர் உறக்கம் கிடைத்தால்தான் முளை வரும். பத்தில் நான்கு முளைத்தன. அவற்றில் ஒன்று இடுப்புயரம் வந்தது. பீச் மரத்தின் இலைபோல் நீண்டு ஒடுங்கிய இலைகளைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். இரண்டாண்டுகளில் ஒரு பூமொட்டுகூட வரவில்லை. இடவப்பாதி மழையில், அதாவது ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையில், இலையெல்லாம் துளை விழுந்து உதிர்ந்தது. திரும்பத் துளிர்த்ததை ஐப்பசி மழை கொண்டுபோயிற்று. மூன்றாவது ஆண்டு வேர் அழுகிப் பட்டுப்போனது.

காரணம் மண்ணில் இல்லை, வானத்தில் இருக்கிறது. பாதாம் குளிர்காலத்தில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு உறங்கும் மரம். 7 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழ்ப்பட்ட குளிர், ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 200 முதல் 500 மணி நேரம் வரை சேர்ந்தால்தான் அதன் மொட்டுகள் உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்கும். நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நம் மாவட்டத்து மலைப்பகுதிகளான மாறாமலையிலோ முத்துக்குழிவயலிலோ நட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கம்பளி போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர் உண்டு என்பது உண்மைதான். இருந்தாலும் அது மனிதனுக்கான குளிர், பாதாமின் கணக்குக்கு எட்டாத குளிர். போதாக்குறைக்கு அங்கே கொட்டும் மழை கிராம்புக்கு வரம், பாதாமுக்குச் சாபம்.

குளிரைவிட மழைதான் பெரிய தடை என்பது என் கருத்து. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பீச்சும் பிளமும் காய்க்கின்றன. பாதாம் மட்டும் ஏன் அங்கே தோட்டப்பயிராக நிலைக்கவில்லை என்று யோசித்தால் இது புரியும். பாதாமுக்குப் பூக்கும் காலத்தில் மழை கூடாது. பெய்தால் தேனீ பறக்காது, பூவில் பூஞ்சை பிடிக்கும். காய் முற்றும் காலத்தில் மழை அறவே கூடாது. சதை வெடித்து, ஓடு காய்ந்து, பருப்பின் ஈரம் வற்ற வேண்டிய நேரம் அது. ஈரமான குளிர்காலமும் எலும்பு காயும் கோடைகாலமும் மாறி மாறி வரும் மத்தியதரைக் கடல் தட்பவெப்பமே இதற்கு ஏற்றது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் நமக்கும் அதற்கும் பொருத்தம் பார்க்கவே வேண்டாம். இதற்கு ஒரு வரலாற்றுச் சான்றும் உண்டு. கலிபோர்னியாவுக்குப் பாதாமை 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியப் பாதிரியார்கள். தங்கள் மிஷன்கள் இருந்த கடலோரத்தில் நட்டார்கள். அந்த ஈரக்காற்றில் மரம் தேறவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் பள்ளத்தாக்கில் நட்ட பிறகுதான் அது பிழைத்தது. கலிபோர்னியாவின் கடற்கரையிலேயே தோற்றது குளச்சல் கடற்கரையில் எப்படி வெல்லும்?

இங்கே ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுப்பண்ணையில், காஷ்மீர் பாதாம் என்று அட்டை கட்டிய கன்றைப் பெரிய விலைக்கு விற்றார்கள். என் உறவினர் ஒருவர் ஆசையாக வாங்கிவந்து, குழி எடுத்து, எருவிட்டு நட்டுவிட்டு என்னைப் பார்க்க அழைத்தார். அகன்ற இலை, அடுக்குக் கிளை. எல்லா வீட்டு வேலியோரத்திலும் தானே முளைக்கும் நம் கேட்டப்பாதான் அது. கன்று வாங்கும்போது இலையைப் பாருங்கள். கையகலத்துக்கும் மேலான பளபளப்பான இலை என்றால் முற்றத்துப் பாதாம். மாவிலையைவிடச் சிறிதாக, ஒடுங்கி, ஓரம் ரம்பப்பல்லாக இருந்தால் அது உண்மைப் பாதாம். அதை வாங்குவதும் வீண் என்பது வேறு விஷயம்.

இன்று உலகில் விளையும் பாதாமில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. காய்க்கும் தோட்டங்கள் மட்டுமே 13 லட்சம் ஏக்கருக்கு மேல். நம் மாவட்டத்தில் கடலோர ஊர், மலை, குளம், வயல், விளை என்று ஓரடி விடாமல் எல்லாவற்றிலும் பாதாம் நட்டால் ஆகும் பரப்பைப்போல் மூன்று மடங்கு. ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகியவை அடுத்த நிலையில் வருகின்றன. அங்கே பயிராகும் ரகங்களில் முதன்மையானது 1879 வாக்கில் கலிபோர்னியாவிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட நான்பரேல். ஓடு மெல்லியது, கையால் நொறுக்கலாம். விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. பீச் அல்லது பீச்-பாதாம் கலப்பின வேர்க்கன்றில் மொட்டு ஒட்டி வளர்க்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும் மரத்தை இருபத்தைந்து ஆண்டு வாக்கில் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்கிறார்கள்.

இதில் நம் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களுக்கு மட்டும் உடனே புரியக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பாதாம் ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. நான்பரேல் வரிசைக்குப் பக்கத்தில் வேறொரு ரகத்தின் வரிசை நிற்க வேண்டும்; இரண்டும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும்; நடுவே மகரந்தம் சுமக்கத் தேனீ வேண்டும். மாசி மாதத்தில் ரப்பர் துளிர்க்கும்போது நம் ஆட்கள் பெட்டிகளை லாரியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் வைப்பார்கள் அல்லவா, ஏறத்தாழ அதே பிப்ரவரியில் அங்கேயும் அதுவே நடக்கிறது. ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்று கணக்கு. அமெரிக்காவின் மறுகோடியான புளோரிடாவிலிருந்துகூட லாரிகள் வருகின்றன. மொத்தம் இருபது லட்சம் பெட்டிகளுக்கு மேல் தேவைப்படுகின்றன. வேறுபாடு ஒன்றுதான். நம் ரப்பரில் தேன் சுரப்பது இலைக்காம்பில். தேனீ அங்கே போவதால் ரப்பருக்கு ஒரு லாபமும் இல்லை, தேன் முழுக்க வளர்ப்பவருக்கு. அதனால் தோட்டக்காரருக்கு ஏதாவது கொடுத்து இடம் பிடிக்கிறோம். அங்கே தேனீ இல்லாவிட்டால் ஒரு காய்கூடப் பிடிக்காது என்பதால், தோட்டக்காரர்தான் தேனீக்காரருக்கு வாடகை கொடுக்கிறார். பாதாம் பூவின் தேன் கசப்பாக இருக்கும். அதைப் பெரும்பாலும் எடுக்காமல் தேனீக்களுக்கே விட்டுவிடுகிறார்கள். அண்மைக்காலத்தில் தன்மகரந்தம் ஏற்கும் ரகங்களும் வந்துள்ளன, ஆனாலும் பெட்டிகளின் ஊர்வலம் நின்றபாடில்லை.

ஆகஸ்டில் அறுவடை தொடங்கும். இயந்திரம் ஒன்று மரத்தின் அடியைக் கவ்வி உலுக்கும். சில விநாடிகளில் காய்கள் அத்தனையும் மழைபோல் தரையில் கொட்டிவிடும். அவற்றை ஒரு வாரம், பத்து நாள் தரையிலேயே காயவிட்டு, பெருக்கி அள்ளி, தோலும் ஓடும் நீக்குகிறார்கள். வெளித்தோல் பசுமாட்டுத் தீவனமாகிறது, ஓடு தொழுவத்தில் பரப்பும் படுக்கையாகிறது. பத்து நாள் தரையில் கிடக்கும் அந்தக் காட்சியைச் சிங்கம், கன்னி (ஆவணி, புரட்டாசி) மாதங்களில் நம் ஊரில் கற்பனை செய்து பாருங்கள். இடையில் ஒரு சாரல் போதும், மொத்தமும் பூசணம். தண்ணீர்ச் செலவும் குறைவில்லை: ஒரு பருப்புக்குச் சுமார் 4 லிட்டர் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. வறட்சி ஆண்டுகளில் கலிபோர்னியாவில் இதைப்பற்றிக் கடும் வாக்குவாதங்கள் எழுந்ததுண்டு.

இந்தியாவில் பாதாம் விளைவது காஷ்மீரிலும், ஓரளவு இமாச்சலத்தின் கின்னவுர் பகுதியிலும். ஸ்ரீநகரில் ஹரி பர்வத மலையடிவாரத்தில் பாதாம்வாரி என்ற தோட்டம் இருக்கிறது. இலை துளிர்க்கும் முன்பே மரம் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூப்பதைக் காண மார்ச்சில் கூட்டம் கூடும். ஆனால் அங்கேயும் விவசாயிகள் பாதாமைவிட்டு ஆப்பிளுக்கு மாறிவருகிறார்கள். ஆகவே நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி கலிபோர்னியாச் சரக்கு. கலிபோர்னியப் பாதாமை மிக அதிகமாக வாங்கும் வெளிநாடு இந்தியாதான். அதையும் பெரும்பாலும் ஓட்டோடு வாங்கி இங்கே உடைக்கிறோம். அண்டி ஆபீஸ் என்னும் முந்திரி ஆலையில் உட்கார்ந்து கொல்லாங்கொட்டை உடைத்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊருக்கு, பருப்பின் விலையில் உடைப்பவர் கைக்கூலி எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. மம்ரா என்று பல மடங்கு விலையில் விற்கப்படுவது ஈரான், ஆப்கானிஸ்தான், காஷ்மீர்ப் பகுதிகளின் நாட்டு வகை. வளைந்து நெளிந்து சுருக்கத்தோடு இருக்கும். எண்ணெய்ப்பதமும் சுவையும் அதில் கூடுதல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். விலையில் இருக்கும் அளவு வேறுபாடு சத்தில் இருப்பதாக என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சத்து என்ற பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் பாதாமில் சுமார் 21 கிராம் புரதமும் 50 கிராம் கொழுப்பும் 12 கிராம் நார்ச்சத்தும் உண்டு. கொழுப்பில் பெரும்பகுதி நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு. வைட்டமின் இ இவ்வளவு செறிவாக உள்ள உணவுகள் சிலவே. 28 கிராம், அதாவது சுமார் 23 பருப்பு, ஒரு நாளைக்குத் தாராளம். அதில் 160 கலோரிக்கு மேல் இருப்பதாக அட்டைகளில் போட்டிருப்பார்கள். முழுப் பருப்பாக மென்று தின்னும்போது கொழுப்பில் ஒரு பகுதி செல்சுவருக்குள்ளேயே அடைபட்டு வெளியேறிவிடுவதால், உடலில் சேர்வது 129 கலோரி அளவுதான் என்று அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012-ல் கண்டார்கள். அரைத்துப் பாலில் கலந்தால் இந்தச் சலுகை குறையும். ஊறவைத்தால் சத்து பெருகும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். ஊறவைப்பதால் தோல் சுலபமாக உரியும், மெல்ல எளிதாகும், அவ்வளவுதான். தோலோடு தின்றால் நாரும் துவர்ப்புப் பொருட்களும் சேர்ந்து கிடைக்கும். பரீட்சைக் காலத்தில் மட்டும் நான்கு பருப்பு ஊறவைத்துக் கொடுப்பதைப் பிள்ளையின் மேலுள்ள அன்பாக எடுத்துக்கொள்ளலாம், நினைவாற்றலுக்கு மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சமையலில் பாதாமையும் அண்டிப்பருப்பு என்று நாம் சொல்லும் முந்திரிப்பருப்பையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடலாம் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அண்டிப்பருப்பில் மாவுச்சத்து கணிசமாக உண்டு. பாதாமில் அது ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் அண்டிப்பருப்பு அரைத்துவிட்ட குருமா ஆற ஆறக் கெட்டியாகிக் கரண்டியில் ஒட்டுகிறது. பாதாம் அரைத்துவிட்டது சற்று மணல்மணலாக, ஆனால் திகட்டாமல் தளர்வாகவே நிற்கிறது. முகலாயர் வழிச் சமையலில் வெள்ளைக் குருமாவுக்குப் பாதாம் அரைப்பது இந்தத் தன்மைக்காகத்தான். தேங்காயை நம்பிச் சமைக்கும் நம் ஊரில் குழம்புக்குப் பாதாம் தேவையே இல்லை. தேங்காய்ப்பால் செய்யும் வேலையை அதற்கு நாலு மடங்கு விலை கொடுத்து வேறொன்றைக் கொண்டு செய்விப்பது வீண்பெருமை.

பாதாம் தன் தகுதியைக் காட்டும் இடம் அல்வா. கால் கிலோ பாதாமைக் கொதிநீரில் இருபது நிமிடம் போட்டுத் தோலுரித்து, சிறிது பால் விட்டு ரவைப்பதத்துக்கு அரைக்க வேண்டும். வெண்ணெய்போல் அரைத்துவிட்டால் அல்வா களியாகிவிடும். அதே எடை சர்க்கரையை உருளியில் இட்டு ஒற்றைக்கம்பிப் பாகு வைத்து, விழுதைக் கொட்டி, தீயைத் தணித்துக் கிண்ட வேண்டும். மாவுச்சத்து இல்லாததால் கோதுமை அல்வாபோல் இது கண்ணாடியாக இறுகாது. நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே வரும்போது, முதலில் குடித்த நெய்யையெல்லாம் ஒரு கட்டத்தில் ஓரத்தில் கக்கத் தொடங்கும். விழுதும் உருளியைவிட்டுச் சுருண்டு வரும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் கிண்டினால் ஆறிய பிறகு பொடியாக உதிரும். நான் இறக்கத் தாமதித்து உதிர்ந்த அல்வாவை, பாதாம் பர்பி என்று பெயர் மாற்றி வீட்டில் பரிமாறியதும் நடந்திருக்கிறது.

பாதாம் பாலுக்கு அரை லிட்டர் பாலுக்கு முப்பது பருப்பு அரைத்து விட்டால் போதும். ஏலக்காயும் இரண்டு இழை குங்குமப்பூவும் மணத்துக்கு. அப்படிச் செய்து கொடுத்தால், பாதாம் வாசனையே இல்லையே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் தேடும் வாசனை எசன்ஸின் வாசனை. அது கசப்புப் பாதாமிலும் ஆப்ரிகாட் கொட்டையிலும் உள்ள பென்சால்டிஹைடு என்ற பொருளின் மணம், ஆலையிலும் செய்கிறார்கள். நல்ல இனிப்புப் பாதாமில் அந்த மணம் அநேகமாக இராது. மாலைநேரத் தள்ளுவண்டியில் மஞ்சளாகக் கொதிக்கும் பாலில் பாதாமைத் தேடிக் கரண்டி விடுபவர்களுக்குப் பெரும்பாலும் பால்பொடியும் சர்க்கரையும் வண்ணமுமே அகப்படும். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின், உண்மையில் பாதாம் மரத்தின் அடிமரக் காயத்தில் கசிந்து உறையும் கோந்து. நீரில் கரையாமல் பல மடங்கு உப்பி நுங்குபோல் ஆகும். முற்றத்து மரத்தில் கசியும் பிசினை அதற்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு விடை: தாராளமாகச் சேர்க்கலாம். முற்றத்துப் பாதாமின் பருப்பு உண்ணத்தக்கது, எடையில் பாதியளவுக்கு எண்ணெய் கொண்டது, சுவையில் கடைப் பாதாமோடு துணிந்து போட்டியிடக் கூடியது. ஏலம் போடும் அளவுக்கு அது சந்தைக்கு வராததற்குக் காரணம், விரல் நீளக் கொட்டைக்குள் பென்சில் தடிமனுக்குப் பருப்பு இருப்பதும், உடைக்கும் பாடும்தான். பழமாக உதிர்ந்ததைப் பொறுக்கி, சதை காய்ந்து பழுப்பாகும்வரை இரண்டு வாரம் நல்ல வெயிலில் போடுங்கள். பச்சையாக உடைத்தால் நார் வெட்டுகத்தியைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த கொட்டையைப் படுக்க வைக்காமல், ஓரத்து விளிம்பு மேலே இருக்குமாறு கல்லில் நிறுத்தி, அந்த விளிம்பில் வெட்டுகத்தியின் மறுபுறத்தால் ஒரே அடி. அடி சரியாக விழுந்தால் இரண்டாகப் பிளந்து பருப்பு முழுதாக வரும், தவறினால் நசுங்கிவிடும். வாவல் கடித்த ஈரப்பழத்தைத் தொடாதீர்கள். 2018-ல் கோழிக்கோட்டில் வாவல் வழியாகத் தொற்றும் நிபா காய்ச்சல் பரவியதிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். நம் எல்லைக்கு அவ்வூர் ஒரு ராத்திரிப் பயணம்தான். முழுப் பழங்களை மட்டும் பொறுக்கிக் கையைச் சோப்பால் கழுவிவிட்டால் அச்சமில்லை.

உடைத்த பருப்பை அன்றே பயன்படுத்துவது உத்தமம். நம் கடலோர ஈரத்தில் நாலைந்து நாளில் எண்ணெய் சிக்குவாடை அடித்துவிடும். கடைப் பாதாமுக்கும் இது பொருந்தும் என்பதால் கால் கிலோவுக்கு மேல் வாங்கும்போது காற்றுப்புகாத புட்டியிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அல்வாவுக்கு முற்றத்துப் பருப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். கால் கிலோ சேர்க்க இரண்டு நாள் உடைக்க வேண்டிவரும், தோலையும் சுலபமாக உரிக்க முடியாது. பாயசத்துக்கு ஒரு கைப்பிடி போதும். நெய்யில் மெதுவாகப் பொரியவிட்டால் சுருண்டிருக்கும் பருப்பின் ஓரங்கள் முதலில் பொன்னிறமாகும்; உள்மடிப்பு சிவக்கும்வரை காத்திருந்தால் ஓரம் கருகிவிடும். ஓரம் நிறம் மாறியதும் நெய்யோடு எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய சிறுபயற்றுப் பாயசத்தில் கொட்டி மூடிவிடுங்கள்.